வெராகிரிப்ட் உள்பெட்டி: செய்தேன், உடைத்தேன், மறுபடி செய்தேன்

போன மாதம் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். பத்திரிகையில் வேலை. டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "லேப்டாப் முழுக்க என்கிரிப்ட் பண்ணியாச்சு, சரி. திருடு போனா கவலை இல்லை. ஆனா எதிர்ல உட்கார்ந்து பாஸ்வேர்டைச் சொல்லுய்யான்னு ஒருத்தன் கேட்டா?"

பதில் எனக்குத் தெரியும். ஒரே பெட்டி, இரண்டு பாஸ்வேர்டு. ஒன்றைச் சொன்னால் வருமான வரிக் காகிதங்களும் பழைய போட்டோக்களும் திறக்கும். இன்னொன்றைச் சொன்னால் உண்மையான சரக்கு திறக்கும். முதல் பாஸ்வேர்டைக் கையில் வாங்கியவனால் இரண்டாவது ஒன்று இருக்கிறதா என்றே சொல்ல முடியாது. இதையெல்லாம் மிடுக்காக விளக்கி முடித்ததும், "நீ இதை வச்சிருக்கியா?" என்றார். இல்லை. பத்து வருடமாகப் படித்திருக்கிறேனே தவிர ஒரு நாளும் செய்து பார்த்ததில்லை. அந்த வெட்கத்தில் தொடங்கியதுதான் இந்த வேலை. நான்கு சனி ஞாயிறுகள் இதற்கே போயின.

கையில் இருந்தவை: பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், அதை மாட்ட ஒரு யூஎஸ்பி 2.0 கேஸ், உபுண்டு லினக்ஸ் ஓடும் லேப்டாப், வெராகிரிப்ட் (ஃபைல்களைப் பாஸ்வேர்டு போட்ட ஒரு பெட்டிக்குள் என்கிரிப்ட் செய்து வைக்கும் மென்பொருள்). சுழலும் டிஸ்க்தான் வேண்டும் என்று பரணில் தேடி எடுத்தேன். எஸ்எஸ்டி ஏன் ஆகாது என்பது பின்னால் வரும்.

தாத்தா கடையில் ஒரு மரக் கல்லாப்பெட்டி இருந்தது. அதன் அடியில் ஒரு கள்ள அறை. ஏழெட்டு வயதில் நானே அதைக் கண்டுபிடித்தேன். பெரிய சாமர்த்தியம் ஒன்றுமில்லை; ஸ்கேலை உள்ளே விட்டால் ஏழு அங்குலம், வெளியே வைத்தால் ஒன்பது. அந்த இரண்டு அங்குலம் காட்டிக்கொடுத்துவிட்டது. வெராகிரிப்ட் இந்த இடத்தில் தாத்தாவின் ஆசாரியை மிஞ்சுகிறது. 1 ஜிபி பெட்டிக்குள் 400 எம்பிக்குக் கள்ள அறை வைத்த பிறகும், வெளிப்பெட்டியைத் திறந்து அளந்தால் 1 ஜிபி என்றே காட்டும். 'இது காலி இடம்' என்று வெளிப்பெட்டி சொல்லும் பகுதியில்தான் உள்பெட்டி உட்கார்ந்திருக்கிறது, அது வெளிப்பெட்டிக்கே தெரியாது. இந்தத் தெரியாத்தனம்தான் மொத்த ஏற்பாட்டின் பலம். இதே தெரியாத்தனத்தால்தான் இரண்டாவது வாரம் என் ஃபைல்கள் நாசமாயின. வெளிப்பெட்டி, உள்பெட்டி என்பவை நான் வைத்துக்கொண்ட பெயர்கள். மெனுவில் அவுட்டர் வால்யூம், ஹிட்டன் வால்யூம் என்று இருக்கும்.

யோசனை பழையது. 1998-இல் ராஸ் ஆண்டர்சன், ரோஜர் நீதம், அடி ஷமிர் என்ற கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் மூவரும் இப்படி ஒரு ஃபைல் சிஸ்டத்துக்கு (டிஸ்கில் ஃபைல்களை அடுக்கிக் கணக்கு வைக்கும் முறைக்கு) வரைவு கொடுத்தார்கள். அதே காலத்தில் ஜூலியன் அசாஞ்சும் கூட்டாளிகளும் மனித உரிமைப் பணியாளர்களை மனத்தில் வைத்து ரப்பர்ஹோஸ் என்ற ஒன்றை எழுதினார்கள். வீட்டுக் கணினிவரை கொண்டுவந்தது 2004-இல் வெளியான ட்ரூகிரிப்ட். அதை எழுதியவர்கள் 2014 மே மாதம் 'இனி இதை நம்பாதீர்கள்' என்கிற மாதிரி ஓர் அறிவிப்பைப் போட்டுவிட்டுக் கடையைச் சாத்தினார்கள். அதற்கு முந்தைய வருடமே அதிலிருந்து கிளை பிரித்து முனீர் இத்ராசி தொடங்கியது வெராகிரிப்ட்.

முதலில் 320 ஜிபியில் கை வைக்கவில்லை. 1 ஜிபியில் ஓர் ஒத்திகைப் பெட்டி. லேப்டாப்பில் கிடக்கும் சாதாரண ஃபைல்தான். அதன் உள்ளமைப்பு தெரிந்தால் மற்றது எல்லாம் புரியும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதல் 64 கேபி வெளிப்பெட்டியின் தலைப்புக்கு (ஹெடர், பெட்டியைத் திறக்கும் சாவி இருக்கும் பகுதி). அடுத்த 64 கேபி உள்பெட்டியின் தலைப்புக்கு. அதற்குப் பிறகு தரவு. கடைசி 128 கேபியில் இந்த இரண்டு தலைப்புகளின் மாற்றுப் பிரதிகள். தலைப்பில் உண்மையாக வேலை செய்வது முதல் 512 பைட்டுதான்: 64 பைட் சால்ட் (பாஸ்வேர்டோடு கலக்கும் ரேண்டம் எண்), மீதி 448 பைட் என்கிரிப்ட் ஆனது. அந்த 448-இன் தொடக்கத்தில் 'வெரா' என்று நான்கு ஆங்கில எழுத்துகள் ஒளிந்திருக்கும். பாஸ்வேர்டு கொடுத்ததும் மென்பொருள் முதல் தலைப்பைப் பிரித்துப் பார்க்கும். 'வெரா' வந்தால் வெளிப்பெட்டி திறக்கும். வராவிட்டால் 65,536-ஆவது பைட்டுக்குப் போய் அங்கே பிரித்துப் பார்க்கும். அங்கே வந்தால் உள்பெட்டி. அங்கேயும் வரவில்லையா, தவறான பாஸ்வேர்டு.

உள்பெட்டியே வைக்காத பெட்டியிலும் அந்த இரண்டாவது 64 கேபி உண்டு, ரேண்டம் குப்பையால் நிரப்பி வைத்திருப்பார்கள். நன்றாக என்கிரிப்ட் ஆன தலைப்பும் குப்பை மாதிரியேதான் இருக்கும். மொத்த வித்தையும் இந்த ஓர் ஒற்றுமையில் நிற்கிறது. லினக்ஸில் வழக்கமாகப் பயன்படுத்தும் லக்ஸ் என்ற என்கிரிப்ஷன் முறை இதற்கு நேர் எதிர். முதல் ஆறு பைட்டிலேயே பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு நிற்கும்.

பாஸ்வேர்டிலிருந்து சாவியைக் கடைந்தெடுக்க வெராகிரிப்ட் 5,00,000 சுற்று ஓடுகிறது. ட்ரூகிரிப்ட் காலத்தில் இது ஆயிரம், இரண்டாயிரம்தான். அதனால் என் லேப்டாப்பில் வெளிப்பெட்டி திறக்கச் சில நொடி ஆகிறது, உள்பெட்டிக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஆகிறது. முதல் தலைப்பில் தோற்ற பிறகுதானே இரண்டாவதைத் தொடுகிறது.

வரைகலை விஸார்ட் வெளிப்பெட்டியைச் செய்து, அதில் ஃபைல்களைப் போடச் சொல்லி, எவ்வளவு இடம் மிச்சம் என்று தானே அளந்து, உள்பெட்டியின் அதிகபட்ச அளவையும் சொல்லிவிடும். புதிதாகச் செய்பவர்களுக்கு அதுவே நல்லது. நான் ஒவ்வொரு படியிலும் நிறுத்திப் பார்க்க ஆசைப்பட்டு டெர்மினலில் இறங்கினேன். அங்கே வரிசை மாறும். ஃபைல் சிஸ்டம் எதுவும் போடாமல் வெளிப்பெட்டி, அதற்குள் உள்பெட்டி, பிறகு பாதுகாப்பு முறையில் (இதன் விளக்கம் பின்னால்) வெளிப்பெட்டியைத் திறந்து அதில் ஃபைல் சிஸ்டம் போடுவது. வெளிக்கு ஃபேட், உள்ளுக்கு எக்ஸ்ட்4 என்று இரண்டு வகை ஃபைல் சிஸ்டம் வைத்தேன். ஃபேட் ஏன் என்றால், அது தன் கணக்குப் புத்தகத்தை முழுக்க முன்பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறது, பின்பக்கம் ஒரே நீளமாகக் காலியாகக் கிடைக்கும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் தன் சாமான்களில் சிலவற்றை நடுவில் கொண்டுபோய் வைப்பதால் உள்பெட்டிக்குப் பாதி இடம்கூடத் தேறாது.

உள்பெட்டி வைப்பதற்கு முன் ஒத்திகை ஃபைலை ஒரு பிரதி எடுத்து வைத்தேன். வைத்த பிறகு இரண்டையும் ஒப்பிட்டேன். 'என்ட்' என்ற சின்னக் கருவி ஒரு பைட்டுக்கு எத்தனை பிட் குழப்பம் இருக்கிறது என்று சொல்லும். முன்னும் 8.000000, பின்னும் 8.000000. ஜிஜிப் வைத்து அமுக்கினேன். ஒரு பைட் குறையவில்லை, இரண்டுமே சற்றுப் பெரிதாகின. அழகு.

அப்புறம் சும்மா இருக்காமல் 'சிஎம்பி' கட்டளையால் இரண்டையும் பைட் பைட்டாகப் பொருத்திப் பார்த்தேன். 65,537-ஆவது பைட்டில் முதல் வித்தியாசம். சிஎம்பி ஒன்றிலிருந்து எண்ணும், அதனால்தான் ஒன்று கூடுதல். அதாவது உள்பெட்டித் தலைப்பின் முதல் பைட்டே சொல்லிவிட்டது. அடுத்து பெட்டியின் பின்பகுதியில் வரிசையாக மாற்றம். கடைசி 64 கேபியில், உள்பெட்டித் தலைப்பின் மாற்றுப் பிரதி இருக்கும் இடத்தில், மறுபடி. வெளிப்பெட்டியின் தலைப்பில் ஒரு பிட்டும் அசையவில்லை.

இந்த வேலையில் நான் முதலில் ஆடிப்போன இடம் இது. பெட்டியை ஒரு முறை மட்டும் பார்ப்பவனுக்கு ஒன்றுமே தெரியாது. இரண்டு வெவ்வேறு நாளில் எடுத்த பிரதிகள் கிடைத்தவனுக்கு எந்தக் கணிதமும் தேவையில்லை. 'காலி' என்று வெளிப்பெட்டி சொல்லும் இடத்தில் எழுத்து மாறியிருக்கிறது, யார் எழுதினார்? விமான நிலையத்தில் போகும்போது ஒரு பிரதி, திரும்பும்போது ஒரு பிரதி எடுத்தால் போதும். மேகச் சேமிப்பில் ஒத்திசைக்கும் ஃபோல்டரில் பெட்டியை வைத்தால் இன்னும் மோசம். பழைய பதிப்புகளை அவர்களே தேதி போட்டு அடுக்கி வைத்திருப்பார்கள்.

இப்போது நாசமான கதை.

ஒத்திகைப் பெட்டி 1024 எம்பி. உள்பெட்டி 400. ஆகவே வெளிப்பெட்டியில் தோராயமாக 624 எம்பிவரை எழுதலாம், அதைத் தாண்டினால் உள்ளே இடிக்கும். தாளில் எழுதி லேப்டாப்பில் ஒட்டியும் வைத்தேன். வெளிப்பெட்டியைச் சாதாரணமாகத் திறந்து 250 எம்பிக்குப் போட்டோக்கள் போட்டேன். பிறகு 300 எம்பி வீடியோ ஒன்று, மொத்தம் 550. வீடியோவை அழித்துவிட்டு 280 எம்பியில் வேறொரு வீடியோ வைத்தேன், மொத்தம் 530. எந்தக் கட்டத்திலும் 624-ஐத் தொடவே இல்லை. மூடிவிட்டு உள்பெட்டியைத் திறந்தேன்.

பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்டது. மவுண்ட் ஆகவில்லை, அதாவது உள்ளே இருக்கும் ஃபைல்கள் கண்ணுக்கு வரவில்லை. ஃபைல் சிஸ்டம் வகை தப்பு, அல்லது சூப்பர்பிளாக் (ஃபைல் சிஸ்டத்தின் முதல் குறிப்பேடு) கெட்டிருக்கிறது என்றது.

பாஸ்வேர்டு ஏற்றுக்கொள்ளப்பட்டதைக் கவனிக்க வேண்டும். தலைப்பு முன்பக்கத்தில் நலமாக இருக்கிறது, அதன் பின்னாலுள்ள வீடு இடிந்திருக்கிறது. தலைப்புப் பிரதியை மீட்டெடுக்கும் வசதி மெனுவில் இருக்கிறது, அது இங்கே ஒன்றுக்கும் உதவாது. இது புரியாமல் அரை மணி நேரம் அதையே திருப்பித் திருப்பி அழுத்திக்கொண்டிருந்தேன்.

பிறகு வெளிப்பெட்டியைத் திறந்து, 'ஃபைல்ஃபிராக்' வைத்து இரண்டாவது வீடியோ டிஸ்கில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தேன். 550-இல் தொடங்கி 830 எம்பிவரை. முதல் வீடியோவை அழித்த இடம் அப்படியே காலியாகக் கிடக்கிறது! லினக்ஸின் ஃபேட் டிரைவர் காலி இடத்தை முதலிலிருந்து தேடுவதில்லை. கடைசியாக எழுதிய இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு அங்கிருந்து மேலே போகிறது. மடித்து மடித்து உழாமல் வரப்பு வரும்வரை நேராக ஓடுகிற மாடு. என் கணக்கு சரி, மாட்டின் நடை எனக்குத் தெரியவில்லை. 624-இலிருந்து 830 வரை, உள்பெட்டியின் முதல் 206 எம்பி, யாரோ ஒருவர் வீட்டுக் கிரகப்பிரவேச வீடியோவாக மாறியிருந்தது.

மீட்க முடியுமா என்று பார்த்தேன். எக்ஸ்ட்4 தன் சூப்பர்பிளாக்குக்குப் பிரதிகளை ஆங்காங்கே தூவி வைக்கும். இந்த அளவுப் பெட்டியில் பிளாக் 1 கேபி, அதனால் பிரதிகள் 8193, 24577 என்று தொடங்கும். முன்னால் இருப்பவை எல்லாம் வீடியோவுக்கு அடியில். 221185-ஆவது பிளாக்கில் இருந்தது தப்பித்திருந்தது. 216 எம்பி தள்ளி இருப்பதால் பத்து எம்பி வித்தியாசத்தில் பிழைத்தது. எக்ஸ்ட்4-ஐப் பழுதுபார்க்கும் 'ஈ2எஃப்எஸ்சிகே'வுக்கு அந்த எண்ணைக் கொடுத்ததும் ஓடியது, ஓடி என்ன பயன்? எந்த ஃபைல் எங்கே என்று சொல்லும் ஐநோடு அட்டவணைகளில் பெரும்பகுதி முன்பாதியில் இருந்து அழிந்துபோயிருந்தது. கடைசியில், அழிந்த ஃபைல்களைத் தோண்டியெடுக்கும் ஃபோட்டோரெக்கை ஓடவிட்டேன், பின்பாதியிலிருந்து பெயரில்லாமல் சில படங்கள் வந்தன. ஒத்திகைக்காகப் போட்ட படங்கள்தான் என்பதால் சிரித்துக்கொள்ள முடிந்தது.

இதற்குத்தான் பாதுகாப்பு முறை இருக்கிறது. வெளிப்பெட்டியைத் திறக்கும்போதே உள்பெட்டியின் பாஸ்வேர்டையும் கொடுத்தால், அந்தப் பகுதிக்கு வரும் எழுத்தை வெராகிரிப்ட் மறித்துவிடும். அதையும் சோதித்தேன். எல்லையைத் தொட்டதும் நகலெடுப்பது பிழையோடு நின்றது, அந்தக் கணத்திலிருந்து மூடித் திறக்கும்வரை வெளிப்பெட்டி முழுக்க எழுத முடியாததாக மாறியது. பாதியில் நின்ற ஃபைல் அரைகுறையாகக் கிடந்தது, உள்பெட்டிக்கு ஒரு கீறல் இல்லை. ஆக, வெளிப்பெட்டியில் எழுத வேண்டுமானால் இரண்டு பாஸ்வேர்டும் கொடுத்தே திறக்க வேண்டும். யாராவது கட்டாயப்படுத்தித் திறக்கச் சொன்னால் மட்டும் ஒன்றைக் கொடுத்து, அவர்கள் எதை எழுதி நாசம் செய்தாலும் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது.

மூன்றாவது வாரம் 320 ஜிபி டிஸ்க். முன்னால் 60 ஜிபிக்குச் சாதாரண எக்ஸ்ஃபேட் பார்ட்டிஷன், மீதி பெட்டி. துரித ஃபார்மட் கூடாது. கடல் முழுக்கக் குப்பையாக இருந்தால்தான் தீவு தெரியாது. யூஎஸ்பி 2.0 வேகத்தில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடியது. உள்பெட்டிக்கு 40 ஜிபி ஒதுக்கினேன். தொழில்நுட்ப வேலை அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

வெளிப்பெட்டியில் என்ன போடுவது? உள்பெட்டி போகச் சுமார் 220 ஜிபி இடம். உறவினர் கல்யாண வீடியோக்கள் 150 ஜிபி இருந்தன, ஃபேட்டில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது என்பதால் துண்டு துண்டாக வெட்டி ஏற்றினேன். மனைவி எட்டிப் பார்த்தாள். "கல்யாண வீடியோவைப் போய் யாருங்க இவ்ளோ பெரிய பூட்டுப் போட்டு வைப்பாங்க?" என்றாள். மூன்று வாரமாக நான் படித்த எந்த ஆவணத்திலும் இவ்வளவு தெளிவான ஆட்சேபம் இல்லை. எல்லாவற்றையும் அழித்தேன்.

பொய்ச் சரக்கு பொய்யாக இருக்கக் கூடாது. பூட்டுவதற்கு உண்மையிலேயே காரணம் உள்ளதாக, ஆனால் வெளியே வந்தால் கூச்சத்தோடு நிற்பதாக இருக்க வேண்டும். வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், வங்கிக் கணக்கு அறிக்கைகள், எல்லோருடைய ஆதார் நகல், அப்பாவின் மருத்துவ அறிக்கைகள், சம்பளச் சீட்டுகள். கூடவே எனக்கும் தம்பிக்கும் இடையே ஓடும் கடன் கணக்கு ஒரு விரிதாளில். அதை நான் நிஜமாகவே யாருக்கும் காட்டமாட்டேன். இதெல்லாம் சேர்த்தும் 9 ஜிபி. அப்போது அடுத்த கேள்வி வருகிறது: 9 ஜிபிக்கு எதற்கு 260 ஜிபி பெட்டி? பார்ட்டிஷனை மறுபடி வெட்டி, பெட்டியை 64 ஜிபிக்குச் சுருக்கி, உள்பெட்டியை 20 ஆக்கி, குடும்பப் போட்டோக்களையும் சேர்த்து 30 ஜிபிவரை நிரப்பினேன். இப்போது பார்த்தால் சராசரிக் குடும்பஸ்தன் ஒருவனின் பெட்டி.

தேதி இன்னொரு தொல்லை. வெளிப்பெட்டியில் எல்லா ஃபைலும் ஒரே சனிக்கிழமை மதியம் வந்து, அதன் பிறகு ஒன்றும் சேராமல் கிடந்தால், அது பெட்டி இல்லை, காட்சிப்பொருள். டச் கட்டளையால் தேதிகளை மாற்றிப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன். ஒரு பொய்யைக் காக்க நூறு பொய் என்று ஆகிவிடுகிறது. பேசாமல் அந்தப் பெட்டியை நிஜமாகவே பயன்படுத்தத் தொடங்கினேன். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு, மின்கட்டண ரசீது, வங்கி அறிக்கை என்று எதையாவது போடுவது. உள்பெட்டியைவிட வெளிப்பெட்டியைத்தான் அதிகமாகத் திறக்கிறேன்.

பெட்டி வாயை மூடிக்கொண்டிருக்கும். பக்கத்திலிருக்கும் லேப்டாப் ஊர் முழுக்கச் சொல்லிவிடும். இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பல்ல. 2008-இல் கணினிப் பாதுகாப்பு நிபுணர் புரூஸ் ஷ்னையர் உள்ளிட்ட ஒரு குழு ட்ரூகிரிப்ட் 5.1ஏ பதிப்பை வைத்து, உள்பெட்டி இருப்பதை விண்டோஸும் வேர்டும் கூகுள் டெஸ்க்டாப்பும் எப்படிக் காட்டிக்கொடுக்கின்றன என்று எழுதியது. பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதே, லினக்ஸ்தானே என்று அலட்சியமாகத் தேடத் தொடங்கினேன்.

உள்பெட்டியைத் திறந்து, நான்கு படங்களைப் பார்த்து, ஓர் ஆவணத்தைத் திருத்தி, ஒரு வீடியோவை ஓட்டி, மூடினேன். பிறகு ஹோம் ஃபோல்டர் முழுக்க 'வெராகிரிப்ட்1' என்ற சொல்லைத் தேடினேன்; திறந்த பெட்டி அந்தப் பெயருள்ள ஃபோல்டராகத்தான் தெரியும். சமீபத்தில் திறந்தவற்றின் பட்டியலில் நான்கு படங்களின் முழுப் பெயரும் இருந்தது. லிப்ரே ஆபீஸ் ஆவணத்தின் பெயரை வைத்திருந்தது. விஎல்சி வீடியோவின் பெயரை வைத்திருந்தது. தம்ப்நெயில் ஃபோல்டரில் படங்களே இருந்தன. சின்ன அளவில், ஒவ்வொன்றின் உள்ளேயும் மூலப் படத்தின் முகவரியோடு. பெட்டிக்கு இத்தனை பூட்டுப் போட்டு, உள்ளே இருப்பதைச் சின்னப் படமாக வாசலில் ஒட்டிய கதை.

இவற்றையெல்லாம் துடைக்கலாம். துடைத்த பிறகு கர்னல் பதிவேட்டை (லினக்ஸின் மையப்பகுதி தன் வேலைகளைக் குறித்து வைக்கும் இடத்தை) பார்த்தேன். அங்கே, நாள் நேரத்தோடு, எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் ஒன்று மவுண்ட் ஆனது என்று ஒரு வரி, கூடவே அதன் தனி அடையாள எண். வெளிப்பெட்டியில் இருப்பது ஃபேட். இந்த லேப்டாப்பில் அந்த அடையாள எண்ணுள்ள எக்ஸ்ட்4 வேறெங்கும் இல்லை. அப்படியானால் அன்று சாயங்காலம் மவுண்ட் ஆனது எது? இந்த ஒரு வரியை ஆவணங்கள் எதிலும் நான் பார்த்ததில்லை. என் வீட்டுப் பதிவேட்டில் பார்த்ததும் முதுகு சில்லிட்டது. உள்ளேயும் ஃபேட்டே போட்டிருந்தால் இந்த வரி வந்திருக்காது, ஃபேட் சுத்தமாக மூடியிருந்தால் மவுண்ட் ஆகும்போது சத்தம் போடாது. மாற்றிப் போட்டேன். ஆனால் ஒன்றை அடைத்தால் இன்னொன்று எங்கே ஒழுகுகிறது என்று தேடிக்கொண்டே இருக்க வேண்டும். இப்போது உள்பெட்டியை இந்த லேப்டாப்பின் சிஸ்டத்தில் திறப்பதே இல்லை. பென்டிரைவிலிருந்தே ஓடும் டெய்ல்ஸ் என்ற இயங்குதளத்தில் பூட் செய்து திறக்கிறேன். வெராகிரிப்ட் பெட்டியைத் திறக்கும் வசதி அதிலேயே இருக்கிறது, அணைத்ததும் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது.

எஸ்எஸ்டி பற்றிச் சொல்கிறேன் என்றேன். எஸ்எஸ்டி ஒரே இடத்தில் திரும்ப எழுதுவதில்லை. தேய்மானத்தைப் பங்கிட, புது எழுத்தை வேறு இடத்தில் வைத்து, பழையதைப் பிறகு துடைக்கும். அதாவது நீங்கள் எடுக்காத முன்பிரதியை அதுவே எடுத்து வைத்திருக்கும். சிஎம்பியில் நான் பார்த்த வித்தியாசத்தை நினைத்துக்கொள்ளுங்கள். போதாக்குறைக்கு டிரிம் கட்டளை எந்தப் பகுதி பயன்பாட்டில் இல்லை என்பதைக் கோடு போட்டுக் காட்டிவிடும். பென்டிரைவும் ஏறத்தாழ இதே சாதி.

பேக்கப்பில் பட்ட அடி சுவாரசியமானது. ஒத்திகைப் பெட்டியை, மாறிய ஃபைல்களை மட்டும் நகலெடுக்கும் ஆர்சிங்க் கருவியை வைத்து வாராவாரம் வேறு டிஸ்குக்கு நகலெடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் திறந்து பார்த்தால் அங்கே இருப்பது முதல் வாரத்துப் பெட்டி. வெராகிரிப்ட் பெட்டி ஃபைலின் தேதியை மாற்றாமல் பார்த்துக்கொள்ளும், அது இயல்பாகவே இயங்கும் அமைப்பு. அளவும் மாறாது. அளவும் தேதியும் அதேதான் என்று ஆர்சிங்க் தாண்டிப் போய்விட்டது. உள்ளடக்கத்தை ஒப்பிடச் சொல்லும் தெரிவைக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று கொடுத்தேன், கொடுத்த பிறகுதான் உறைத்தது: ஒரே பெட்டியின் இரண்டு நாள் பிரதிகளை என் கையாலேயே அடுக்கி வைக்கிறேன். சரியான வழி, புதிதாக இன்னொரு பெட்டியை வேறு சால்ட், வேறு சாவியோடு செய்து, உள்ளிருக்கும் ஃபைல்களை அதில் நகலெடுப்பது. அலுப்பான வேலை. ஆர்சிங்க் தவறவிட்டது ஒரு வகையில் என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

நான்காவது வாரம் நண்பர் வந்தார். வெளிப்பெட்டியைத் திறந்து காட்டினேன், கடன் கணக்கைப் பார்த்துச் சிரித்தார். உள்பெட்டியைத் திறந்து காட்டினேன். சட்டத்தையும் சொன்னேன். இங்கே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆவது பிரிவின்படி, அதிகாரம் பெற்ற அமைப்பு கேட்டு மறைகுறியீட்டை நீக்க உதவாவிட்டால் ஏழு வருடம்வரை சிறை. பிரிட்டனில் 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு வருடம், தேசப் பாதுகாப்பு என்றால் ஐந்து. உள்பெட்டி இந்தச் சட்டங்களிலிருந்து விலக்குத் தருவதில்லை. மறைத்தது தெரிந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

அவர் வேறு ஒன்றைக் கேட்டார். "எதிர்ல இருக்கிறவனும் இதையெல்லாம் படிச்சிருப்பான்ல? முதல் பாஸ்வேர்டைச் சொன்னதும், சரி, ரெண்டாவதைச் சொல்லும்பான். என்கிட்ட ரெண்டாவதே இல்லைன்னா எதைச் சொல்றது?"

இதற்கு வெராகிரிப்டில் பட்டன் இல்லை. ரப்பர்ஹோஸ் காலத்திலிருந்தே இந்த முடிச்சு இருக்கிறது. ஒரே சாதனத்தில் 15 பெட்டிகள்வரை அடுக்கலாம் என்று ஷஃபில்கேக் என்ற லினக்ஸ் கருவி வந்திருக்கிறது. அதை வைத்தால் பதினான்காவது பாஸ்வேர்டுக்குப் பிறகும் கேட்டுக்கொண்டிருப்பான். நண்பர் யோசித்துவிட்டு, வெளியூர் போகும்போது ஒன்றுமே இல்லாத ஒரு பழைய லேப்டாப்பை எடுத்துப்போகப் போவதாகச் சொன்னார். என் நான்கு வார உழைப்புக்கு இதுதான் மரியாதை.

இதை எழுதியதோடு என் 320 ஜிபி டிஸ்கின் ரகசியமும் போய்விட்டது. எழுதுவதற்கு முன் உள்பெட்டியில் இருந்ததை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, அந்தப் பகுதியை ரேண்டம் குப்பையால் நிரப்பினேன். முடித்துவிட்டு டிஸ்கைப் பீரோவில் வைக்கும்போது மனைவி கேட்டாள்: "இப்போ அதுக்குள்ள ஏதாச்சும் இருக்கா, இல்லையா?"

இல்லை என்றேன். நம்பவில்லை.